மூன்று அட்டை மாத்திரைகள்: கர்ப்பகால ரத்தக்கொதிப்பு மருந்துகளுக்கு ஒரு மருந்தாளுநரின் மதிப்புரை

எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் ஒரு தகர டப்பாவில் மெத்தில்டோபா, லாபெட்டலால், நிஃபெடிபின் ஆகிய மூன்று மருந்துகளின் காலி அட்டைகளையும், நாற்பது பக்க நோட்டு ஒன்றையும் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். ஒன்பது ஆண்டுகளாக ஒரு தாலுகா மருத்துவமனையின் மருந்தகத்தில் இருந்துகொண்டு இந்த மூன்று மருந்துகளையும் கர்ப்பிணிகளுக்கு எண்ணிக் கொடுத்து வந்தவள் நான். என் தலைப்பிரசவத்தின் 29-ஆவது வாரத்தில் பிரஷர் 144/92 என்று ஏறி, சிறுநீரில் புரதமும் இறங்கத் தொடங்கி, மருத்துவர் சீட்டில் "பிரீக்ளாம்ப்சியா" என்று எழுதியபோது, அதே மாத்திரைகளை நானே விழுங்க வேண்டியதாயிற்று. பிள்ளை பிறக்கும் வரைக்கும், அதற்குப் பிறகு சில மாதங்களும், இவற்றோடு வாழ்ந்த அனுபவத்தையும், தொழில் முறையில் இவற்றைப் பற்றி அறிந்ததையும் சேர்த்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன். எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்பதை உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கையில் இருக்கும் சீட்டைப் புரிந்துகொண்டு விழுங்க இது உதவினால் போதும்.

பிரஷர் மாத்திரை நன்றாக வேலை செய்கிறதா என்று கேட்டால், எண் இறங்கியதா என்றுதான் எல்லோரும் பார்க்கிறோம். பிரீக்ளாம்ப்சியாவில் அந்த ஒரு கேள்வி போதாது, ஏனெனில் இங்கே ஏறியிருக்கும் எண் நோயின் அடையாளம் மட்டுமே. நோய் இருப்பது ரத்தக்குழாயின் உட்சுவரில். கர்ப்பத்தின் தொடக்கத்தில், நஞ்சுக்கொடியின் செல்கள் கர்ப்பப்பையின் சுருள் தமனிகளுக்குள் புகுந்து அவற்றின் தசைச்சுவரைத் தளர்த்தி, நிறைய ரத்தம் தாராளமாகப் பாயும் அகலமான வாய்களாக மாற்ற வேண்டும். அந்த மாற்றம் அரைகுறையாக நின்றுவிட்டால் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் சீராகக் கிடைப்பதில்லை. திணறும் நஞ்சுக்கொடி சில புரதங்களை அளவுக்கு மீறித் தாயின் ரத்தத்தில் கலந்துவிடுகிறது. அவற்றில் முக்கியமானது எஸ்ஃப்ளிட்-1 என்பது. ரத்தக்குழாயின் உட்சுவரைப் பேணி வளர்க்கும் வளர்ச்சிக் காரணிகளை இது இடைமறித்துப் பிடித்துக்கொள்வதால், அவை போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேராமல் போகின்றன. எஸ்ஃப்ளிட் மிகுவதே உட்சுவர் செயலிழப்புக்கும், ரத்தக்கொதிப்புக்கும், சிறுநீரில் புரதம் கசிவதற்கும் வழி செய்கிறது என்பதை 2003-இல் வெளிக்கொண்டுவந்த பாஸ்டன் ஆய்வுக்குழுவை நடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துச் சென்ற மருத்துவர் அனந்த் கருமாஞ்சி என்பதை இங்கே பெருமையோடு குறிப்பிட விரும்புகிறேன்.

உட்சுவர் என்பது ஒற்றைச் செல் அடுக்குதான். ஆனாலும் குழாய் விரிய வேண்டுமா சுருங்க வேண்டுமா என்பதை அதுவே தீர்மானிக்கிறது. நலமாக இருக்கும்போது நைட்ரிக் ஆக்சைடையும் புரோஸ்டாசைக்ளினையும் சுரந்து குழாயைத் தளர்த்தி வைக்கிறது. புண்பட்டால் அவை குறைந்து, எண்டோதீலின், திராம்பாக்சேன் போன்ற சுருக்கிகளின் கை ஓங்குகிறது. பிரஷர் ஏறுவது, கால் வீங்குவது, சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடுவது, கண்ணில் பொறி பறப்பது, வலது விலாவுக்குக் கீழே வலிப்பது, கடைசியில் நம் பாட்டிமார் ஜன்னி என்று சொன்ன வலிப்பு வருவது எல்லாமே இந்த ஒரே அடுக்கு பழுதானதன் வெவ்வேறு முகங்கள். ஆகவே, நான் மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு இந்த மாத்திரைகளைப் பார்த்தேன். எண்ணை எப்படி இறக்குகிறது? குழாய்க்கு என்ன செய்கிறது? விழுங்குபவளுக்கு அன்றாடம் எப்படி இருக்கிறது?

முதலில் எனக்குக் கொடுக்கப்பட்டது மெத்தில்டோபா, 250 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை. மூன்றில் மிகப் பழையது இதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் கர்ப்பகால ரத்தக்கொதிப்புக்காக மட்டும் என்ற குறிப்போடு இன்றும் இடம்பெற்றிருக்கிறது. இது குழாயிடம் நேராகப் போவதில்லை. மூளைக்குள் சென்று, உருமாறி, குழாய்களை இறுக்கச் சொல்லி அனுப்பப்படும் நரம்புக் கட்டளைகளைத் தணிக்கிறது. விழுங்கி நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்துத்தான் முழு வேலையும் தெரியும் என்பதால் அவசரத்துக்கு உகந்ததாக இதை நான் கருதவில்லை. இதன் பெரும் பலம் நம்பகம். 1970-களில் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த ஆய்வில் இதை எடுத்த தாய்மார்களின் பிள்ளைகளை ஏழரை வயது வரை பின்தொடர்ந்து பார்த்து, வளர்ச்சியில் குறை ஏதும் இல்லை என்று 1982-இல் வெளியிட்டார்கள். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு மாத்திரையை வாயில் போடும் எவருக்கும் இந்த ஒரு வரி எவ்வளவு ஆறுதல் என்பதை, அந்த இடத்தில் இருந்தபோதுதான் உணர்ந்தேன்.

குறை என்றால் தூக்கக் கலக்கம். முதல் வாரம் மதியம் இரண்டு மணிக்கு மருந்தகத்தில் உட்கார்ந்துகொண்டே கண் செருகியது. வாய் வறண்டு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. மனம் சோர்ந்துபோவதும் இதன் பக்க விளைவுதான். அதனால் பிரசவமானதும் இரண்டு நாட்களுக்குள் இதை நிறுத்திவிட்டு வேறு மருந்துக்கு மாற்றுமாறு பிரிட்டனின் வழிகாட்டு நெறிகள் அறிவுறுத்துகின்றன. பச்சை உடம்போடு, தூக்கமும் இல்லாமல், மனமும் கனத்துக் கிடக்கும் நாட்களில் அந்தச் சோர்வை மாத்திரையும் கூட்டக் கூடாது என்பதே காரணம். என் சாளரத்துக்கு வரும் தாய்மார்களில் பிள்ளை பிறந்து மூன்று வாரமாகியும் பழைய சீட்டின்படியே மெத்தில்டோபா கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை நான் மருத்துவரிடம் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

குழாயின் உட்சுவருக்கு இது ஏதும் நல்லது செய்கிறதா? மெத்தில்டோபா எடுத்த பிரீக்ளாம்ப்சியா தாய்மார்களின் ரத்தத்தில் எஸ்ஃப்ளிட் அளவு குறைந்தது என்று 2008-இல் லண்டனிலிருந்து ஒரு சிறிய ஆய்வு வெளியாயிற்று. ஆய்வகத் தட்டுகளில் உட்சுவர்ச் செல்களை வளர்த்து, இந்த வகை மருந்துகளை ஊற்றிப் பார்த்தவர்களும் ஊக்கமளிக்கும் சில முடிவுகளைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் மருந்துக்கு மருந்து முடிவு மாறுகிறது. தட்டில் கண்டது தாயிடம் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. இந்த மாத்திரை என் நோயைப் பின்னோக்கித் திருப்பும் என்ற நம்பிக்கையோடு நான் அதை விழுங்கவில்லை; யாரும் அந்த நம்பிக்கையை விற்றால் வாங்கவும் மாட்டேன்.

பத்தாவது நாள் 152/98. மருத்துவர் அம்மா லாபெட்டலால் 100 மில்லிகிராம் காலையும் இரவும் என்று எழுதி, நான்கு நாளில் 200 ஆக உயர்த்தினார். நாளொன்றுக்கு 2,400 மில்லிகிராம் வரை கொடுப்பதுண்டு என்பதால் நான் எடுத்தது சிறிய அளவுதான். இந்த மருந்து ஒரே சமயத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது: நரம்புக் கட்டளைகளை வாங்கும் ஆல்ஃபா ஏற்பிகளை அடைத்துக் குழாயின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது, பீட்டா ஏற்பிகளை அடைத்து இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது. வாய்வழி எடுக்கும்போது பீட்டா வேலையே மிகுதி, ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. என் அனுபவத்தில் மூன்றிலும் இதமானது இதுதான். தலைவலி இல்லை, படபடப்பு இல்லை, மதியத் தூக்கம் இல்லை. முதல் மூன்று நாட்கள் மட்டும் உச்சந்தலையில் எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு இருந்தது. பேன்தான் வந்துவிட்டதோ என்று அம்மா சீப்பை எடுத்துவந்து வெகுநேரம் வாரிப் பார்த்தார்கள். இது இந்த மருந்துக்கே உரிய, தீங்கில்லாத பக்க விளைவு. சொல்லிக் கொடுக்கும் மருந்தாளுநர் அருகில் இல்லாவிட்டால் பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள் என்பதால் இதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஆனால் இந்த இதம் எல்லோருக்கும் உரியதல்ல. இழுப்பு, வீசிங், ஆஸ்துமா இருப்பவர்கள் எக்காரணம் கொண்டும் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. பீட்டா ஏற்பி அடைபட்டால் மூச்சுக்குழலும் சுருங்கும். கர்ப்பகாலச் சர்க்கரைக்காக இன்சுலின் போட்டுக்கொள்ளும் தாய்மார்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இது மறைத்துவிடக்கூடும். பிறக்கும் குழந்தைக்கும் முதல் நாளில் சர்க்கரை குறைகிறதா, இதயத் துடிப்பு மந்தமாகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். என் மகளுக்குக் குதிகாலில் குத்தி மூன்று முறை சோதித்தார்கள். ஒவ்வொரு முறையும் அவள் அழுத அழுகையை விட, எண் சரியாக இருக்கிறது என்று செவிலியர் சொன்ன சொல்தான் காதில் நின்றது.

மூன்றாவதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். 32-ஆவது வாரத்தில் மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றில் சேர்ந்திருந்தேன். விடியற்காலை மூன்று மணி. மூலையில் ஒரே ஒரு குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பணியில் இருந்த செவிலியர் பாதரச மானியைக் கட்டிலின் ஓரத்தில் வைத்து, பட்டையைச் சுற்றி, ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு இரண்டு முறை அளந்தார். 168/112. "அக்கா, தலை வலிக்குதா, கண்ணு மங்குதா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். பிறகு நிஃபெடிபின் 10 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை உள்ளங்கையில் வைத்து, அரை டம்ளர் தண்ணீரைக் கொடுத்து, முழுதாக விழுங்கச் சொன்னார். கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதிக்கொண்டார். இருபது நிமிடத்தில் காதுமடலும் கன்னமும் அனலாகக் கொதித்தன. இதயம் படபடவென்று அடிப்பது தலையணையில் எனக்கே கேட்டது. ஒரு மணி நேரத்தில் 150/98. இன்னொரு மாத்திரை. நான்கரை மணிக்கு 142/92. அவர் சார்ட்டில் எழுதி முடித்துவிட்டு, வயிற்றில் கை வைத்துக் குழந்தையின் அசைவைப் பார்த்துவிட்டு, ஃபோல்டரை மூடினார்.

நிஃபெடிபின் குழாயின் தசையிடமே நேராகப் போகிறது. தசைச்செல்லுக்குள் கால்சியம் நுழையும் வாயில்களை அடைத்துவிடுவதால் தசை சுருங்க முடியாமல் தளர்கிறது, குழாய் விரிகிறது. உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கிறதா இல்லையா என்பதற்கு இது காத்திருப்பதில்லை என்பதே இதன் அழகு. உட்சுவரிடமிருந்து வராத தளர்வுச் செய்தியை மீறி, வெளியிலிருந்து தசையைத் தளர்த்துகிறது. அதே காரணத்தினால், உட்சுவர் குணமாகிவிட்டது என்று இதன் எண்ணை வைத்துச் சொல்லவும் முடியாது. மாத்திரையின் வீரியம் தணிந்ததும் குழாய் தன் பழைய இறுக்கத்துக்குத் திரும்பும். இதை நான் என் நோட்டிலேயே பார்த்தேன். காலையில் 138, இரவு அடுத்த வேளைக்கு முன் 156.

அவசரத்தில் இதன் திறமைக்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. நாக்பூரின் இரண்டு அரசு மருத்துவமனைகளில், கடுமையான பிரஷரோடு வந்த 894 கர்ப்பிணிகளை மூன்று பிரிவாக்கி, வாய்வழி நிஃபெடிபின், லாபெட்டலால், மெத்தில்டோபா ஆகியவற்றைக் கொடுத்து ஒப்பிட்டு, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மணி நேரத்துக்குள், தீங்கு எதுவும் இன்றி, பிரஷர் கட்டுக்குள் வந்தவர்கள் நிஃபெடிபின் பிரிவில் 84 சதவீதம், லாபெட்டலாலில் 77, மெத்தில்டோபாவில் 76. நரம்பு வழியாக ஊசி போடவும், நிமிடத்துக்கு நிமிடம் கண்காணிக்கவும் ஆள் இல்லாத சிற்றூர் மருத்துவமனைகளில் ஒரு மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் இத்தனை பேரைக் காப்பாற்றும் என்று காட்டிய அந்த ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன். மெத்தில்டோபாவும் முக்கால்வாசிப் பேருக்குப் பலித்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள். கையிருப்பில் அது மட்டுமே இருந்தால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதில்லை. நிஃபெடிபின் பிரிவில் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டது சற்றுக் கூடுதலாக இருந்தது என்ற தகவலையும் அதே ஆய்வு மறைக்காமல் சொல்கிறது.

இந்த மருந்தின் பெரிய தொல்லை, அதன் பக்க விளைவுகள் நோயின் அபாய அறிகுறிகளைப் போலவே இருப்பதுதான். தலைவலி மாத்திரையாலும் வரும், மூளையில் அழுத்தம் ஏறுவதாலும் வரும். கணுக்கால் வீக்கம் மாத்திரையாலும் வரும், நோயாலும் வரும். "பிள்ளைத்தாச்சிக்குக் கால் வீங்கறது சகஜந்தானே" என்று ஊரே சொல்லும்போது, எதை எதன் கணக்கில் எழுதுவது என்று எனக்கே குழப்பமாக இருந்தது. மருந்து எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் வந்து மெல்ல அடங்கும் தலைவலியை மருந்தின் கணக்கிலும், அடங்காமல் நிற்பதையோ கண் மங்கலோடு வருவதையோ நோயின் கணக்கிலும் வைத்து உடனே தெரிவிக்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். மருத்துவர் அதற்குத் தலையசைத்தார், ஆனால் சந்தேகம் இருந்தால் எல்லாவற்றையும் நோயின் கணக்கிலேயே வை என்று திருத்தினார். அவர் சொன்னதுதான் சரி.

ஒரு தவறையும் இங்கே எழுதியாக வேண்டும். வீட்டுக்கு அனுப்பப்பட்ட வாரத்தில் மாத்திரை தீர்ந்துபோக, என் கணவர் ஒரு மருந்துக் கடையில் சீட்டைக் காட்டியிருக்கிறார். சீட்டில் இருந்தது மெதுவாகக் கரையும் ரிடார்ட் வகை. கடையில் அது இல்லாததால், இதுவும் அதே மருந்துதான் என்று சொல்லி விரைவாகக் கரையும் கேப்சூல் வகையைக் கொடுத்துவிட்டார்கள். தூக்கக் கலக்கத்தில் நானும் அட்டையைத் திருப்பிப் பார்க்கவில்லை. நாற்பது நிமிடத்தில் கண் இருட்டி, பிரஷர் 98/60 ஆயிற்று. அன்று மாலை வரை குழந்தையின் அசைவு மந்தமாகவே இருந்தது. நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் தாயின் அழுத்தத்தை நம்பியே இருக்கிறது. அழுத்தம் சடாரென்று விழுந்தால் அதை ஈடுகட்டிக்கொள்ளும் வழி நஞ்சுக்கொடிக்குப் பெரிதாக இல்லை. முன்பெல்லாம் இந்தக் கேப்சூலில் ஓட்டை போட்டு நாக்குக்கு அடியில் சொட்டுவிடும் பழக்கம் இருந்தது. அது கைவிடப்பட்டதும் இதே காரணத்தால்தான். நிஃபெடிபின் வாங்கும் ஒவ்வொருவரும் மருந்தின் பெயரோடு, அதற்குப் பின்னால் வரும் ரிடார்ட் போன்ற சொல்லையும் எழுத்துக்கூட்டிப் படித்துச் சரிபார்க்க வேண்டும். மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது. வெளிச்சம் பட்டால் இந்த மருந்து சிதையும் என்பதால் அட்டையிலிருந்து முன்கூட்டியே பிரித்து வைக்கவும் கூடாது. என் அம்மா அன்பு மிகுதியால் ஒரு வாரத்துக்கான மாத்திரைகளைப் பிரித்துக் கண்ணாடிக் குங்குமச் சிமிழில் போட்டு ஜன்னலில் வைத்திருந்தார்கள். அத்தனையையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

பிரஷர் என்பது இதயம் தள்ளும் ரத்தத்தின் அளவும் குழாய்களின் எதிர்ப்பும் சேர்ந்த கணக்கு. ஒரே 160/110 ஒரு பெண்ணுக்கு இதயம் மிகையாகத் தள்ளுவதாலும், இன்னொரு பெண்ணுக்குக் குழாய்கள் இறுகிக் கிடப்பதாலும் வரலாம். முதல் வகைக்கு இதயத்தைத் தணிக்கும் லாபெட்டலாலும், இரண்டாம் வகைக்குக் குழாயை விரிக்கும் நிஃபெடிபினும் கூடுதலாகப் பொருந்தும் என்ற கருத்து மருத்துவர்களிடையே வலுத்து வருகிறது. ஆனால் எந்த வகை என்று அளந்து பார்க்கும் கருவிகள் சாதாரண வார்டுகளில் கிடையாது. ஒரு மருந்து போதாதபோது இன்னொன்றைச் சேர்த்துப் பார்ப்பதே நடைமுறை. எனக்கு இரண்டும் சேர்ந்தபோதுதான் எண் 135/85-ஐ ஒட்டி நின்றது. அந்த அளவுக்கு இறக்குவதே நல்லதா என்ற கேள்வியும் உண்டு. 2015-இல் வெளியான சிப்ஸ் ஆய்வில் 987 பெண்களைப் பின்தொடர்ந்ததில், இறுக்கமாகக் கட்டுப்படுத்தியதால் குழந்தைகளுக்குத் தீங்கு கூடவில்லை. தாய்க்குக் கடுமையான பிரஷர் வருவது 40.6 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாகக் குறைந்தது.

குழாயை விரிப்பது எதுவாயினும் நல்லது என்ற முடிவுக்கும் வந்துவிடக் கூடாது. நைட்ரிக் ஆக்சைடின் வழியே குழாயை விரிக்கும் சில்டெனாஃபிலை, வளர்ச்சி குன்றிய கருவுக்கு உதவும் என்று நம்பி நெதர்லாந்தில் சோதித்தார்கள். பிறந்த குழந்தைகளிடம் நுரையீரல் ரத்தக்குழாய்ச் சிக்கல்கள் கண்டதால் 2018-இல் அந்தச் சோதனையை இடையிலேயே நிறுத்த நேர்ந்தது. எனாலாபிரில், லோசார்ட்டன் வகைப் பிரஷர் மாத்திரைகள் கருவின் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் கர்ப்பத்தில் அறவே கூடாது. ஏற்கெனவே இவற்றை எடுத்துவரும் பெண்கள் கருத்தரிக்க நினைக்கும்போதே மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.

மக்னீசியம் சல்பேட் ஊசியைப் பிரஷர் மருந்து என்று நினைப்பவர்கள் பலர். அது வலிப்பைத் தடுக்கும் மருந்து. 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002-இல் வெளியான மேக்பை ஆய்வு, அது ஜன்னி வரும் வாய்ப்பைப் பாதிக்கும் கீழாகக் குறைப்பதைக் காட்டியது. போட்டால் உடம்பெல்லாம் தீப்பற்றியது போல் எரியும், அந்த எரிச்சல் அடங்கிவிடும். முழங்காலைத் தட்டிப் பார்ப்பதும் மூச்சை எண்ணுவதும் சிறுநீரை அளப்பதும் அந்த மருந்து மிகையாகிவிடாமல் காப்பதற்காக.

வீட்டில் அளக்க வாங்கிய பிபி மெஷினையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும், ஏனெனில் மாத்திரையின் அளவை முடிவு செய்தது அதன் எண்தான். மணிக்கட்டில் கட்டுவதை வாங்கவில்லை. மேற்கையில் கட்டும் தானியங்கி மெஷின் ஒன்றை வாங்கினோம். கையாள எளிது, நினைவகமும் உண்டு. ஆனால் முதல் பரிசோதனையின்போது அது 146/94 காட்டிய அதே ஐந்து நிமிடத்தில் மருத்துவர் கையால் அளந்தது 158/102. இது அந்த ஒரு மெஷினின் பழுது அல்ல. இவ்வகை மெஷின்கள் ஸ்டெதாஸ்கோப்பைப் போல ஒலியைக் கேட்பதில்லை. பட்டைக்குள் தமனிச்சுவர் அதிரும் அதிர்வைக் கொண்டு எண்ணைக் கணிக்கின்றன. பிரீக்ளாம்ப்சியாவில் அந்தச் சுவரின் தன்மையே மாறிவிடுவதால், சாதாரண மக்களுக்குச் சரியாக அளக்கும் மெஷின் இவர்களுக்குக் குறைத்துக் காட்டக்கூடும். பிரீக்ளாம்ப்சியா தாய்மார்களிடமே சோதித்துச் சரிபார்க்கப்பட்ட மாடல்கள் மிகச் சிலவே. லண்டன் கிங்ஸ் கல்லூரியினர் மைக்ரோலைஃப் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய கிரேடில் கருவி அவற்றுள் ஒன்று. எண்ணோடு பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகளையும் காட்டுவதால் கிராம சுகாதாரப் பணியாளர்களுக்கும் உடனே புரியும். கர்நாடகத்தின் கோகாக் உள்ளிட்ட பத்து இடங்களில் அதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். எந்த மெஷின் வாங்கினாலும் அதை மருத்துவமனைக்கு எடுத்துச்சென்று, கையால் அளப்பதோடு ஒப்பிட்டு, வேறுபாட்டை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தடித்த கைகளுக்குப் பெரிய பட்டையைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். சிறிய பட்டை பிரஷரைக் கூட்டிக் காட்டும்.

34-ஆவது வாரத்தில் என் மகள் பிறந்தாள், 1,780 கிராம். பிள்ளையும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்தால் நோய் தீர்ந்தது என்று சொல்வார்கள். எஸ்ஃப்ளிட்டின் ஊற்று வற்றுகிறது என்ற அளவில் அது உண்மை. ஆனால் பிரஷர் பெரும்பாலும் உச்சத்துக்கு ஏறுவது பிரசவத்துக்குப் பின் மூன்று முதல் ஆறாம் நாளுக்குள். அதாவது பெரும்பாலானோர் வீட்டுக்குப் போய், எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றி, பத்தியம் தொடங்கும் நாட்களில். எனக்கு ஐந்தாம் நாள் 164/104. நிஃபெடிபினோடு எனாலாபிரிலும் சேர்த்தார்கள். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு இரண்டுமே ஏற்றவை. அடுத்த கர்ப்பம் தற்செயலாக நேர்ந்தால் எனாலாபிரில் ஆபத்து என்பதால், கருத்தடை முறையைப் பற்றி அந்தச் சீட்டை எழுதும்போதே பேசி முடித்துவிட வேண்டும் என்பது மருந்தாளுநராக என் வேண்டுகோள்.

இந்தப் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களைத்தான் மருந்துகளின் முக்கியமான காலமாக நான் இப்போது பார்க்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டில் 220 தாய்மாரைக் கொண்டு நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டிலேயே தினமும் அளந்து அனுப்பி, அதற்கேற்ப மருத்துவர் மாத்திரையைக் கூட்டிக் குறைத்தவர்களுக்கு, மாத்திரைகள் நின்று பல மாதங்கள் கழித்தும், பிள்ளைக்கு ஒன்பது மாதம் ஆகும்போது கீழ் எண் ஏறக்குறைய 6 புள்ளிகள் குறைவாகவே இருந்தது. புண்பட்ட குழாய் ஆறிவரும் அந்தச் சில வாரங்களில் அழுத்தம் ஏறாமல் பார்த்துக்கொண்டால் பயன் நெடுநாள் நிற்கிறது என்பது எனக்குக் கிடைத்த மிகப் பெரிய நற்செய்தி. ஏனெனில் உட்சுவரின் காயம் பிரசவத்தோடு மறைவதில்லை. முன்கையைப் பட்டையால் ஐந்து நிமிடம் இறுக்கி, விடுவித்து, மேற்கைத் தமனி எவ்வளவு விரிகிறது என்று ஸ்கேனில் அளக்கும் சோதனை ஒன்று உண்டு. பிரீக்ளாம்ப்சியா வந்த பெண்களுக்கு அந்த விரிவு பிரசவத்துக்குப் பின் மூன்று ஆண்டுகள் வரைகூடக் குறைவாக இருப்பதை 2016-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் காட்டினார்கள். பிற்காலத்தில் இவர்களுக்கு மாரடைப்பு வகை நோய்களுக்கான வாய்ப்பு இரு மடங்கு, ரத்தக்கொதிப்புக்கான வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல்.

என் மதிப்பீட்டைச் சொல்லிவிடுகிறேன். அன்றாடக் கட்டுப்பாட்டுக்கு, ஆஸ்துமா இல்லாதவர்களுக்கு, லாபெட்டலாலுக்கு ஐந்துக்கு நான்கரை நட்சத்திரம் தருவேன். அவசரத்துக்கு நிஃபெடிபினுக்கு ஐந்தும் தருவேன். தலைவலிக்கும், ஒரே பெயரில் வெவ்வேறு வேகத்தில் விற்கப்படும் குழப்பத்துக்குமாக அன்றாடப் பயன்பாட்டில் ஒரு நட்சத்திரத்தைக் குறைப்பேன். மெத்தில்டோபாவுக்கு மூன்று, அதன் நீண்ட நல்ல பெயருக்காக ஒன்றைக் கூட்டினாலும், பிரசவத்துக்குப் பின் ஒரு வாரம்கூட வைத்திருக்க மாட்டேன்.

மகளுக்கு இப்போது பதினோரு மாதம். மாத்திரைகள் நான்காவது மாதத்திலேயே நின்றுவிட்டன. இன்று காலை 122/78. டப்பாவில் இருக்கும் நோட்டின் முதல் பக்கத்தில், மெஷினின் வேறுபாட்டுக்குக் கீழே, சிவப்பு மையில் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்: "தலைப்பிரசவம், 34 வாரம், பிரீக்ளாம்ப்சியா." அம்பது வயதில் நெஞ்சு கனக்கிறது என்று எந்த மருத்துவரிடம் போய் உட்கார்ந்தாலும், அவர் கேட்காவிட்டாலும், முதலில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவதற்காக.